மழைக்காட்டில் கண்ட செடிக்குப் பெயர் சூட்டுவது எப்படி: யாழ்ப்பாணத்து மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும் மாதங்களில் கிணற்று நீர் இறங்கிக்கொண்டே போகும். அதே காற்று சிங்கராஜ வனத்தின் சரிவுகளில் மோதி மாதக்கணக்கில் மழையாகக் கொட்டும். வரண்ட வலயத்தில் செடி சேகரித்துப் பழகிய கை ஈரவலயக் காட்டுக்குள் போனதும் தடுமாறுவது இதனால்தான். இங்கே மூன்று நாளில் மொறுமொறுவென்று காயும் இலை, அங்கே மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துக் கிடக்கும்.

கையில் இருப்பது புதிய இனமா என்பது காட்டில் தெரியவராது. ஆறு மாதமோ ஆறு வருடமோ கழித்து, பேராதனைத் தேசிய ஹேர்பேரியத்தின் (உலர்த்திய செடி மாதிரிகளைப் பேணும் நிலையம்) மேசையில் பழைய தாள்களுக்குப் பக்கத்தில் வைக்கும்போதுதான் தெரியும். அந்த மேசையில் எழும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல இருப்பவை, நீங்கள் காட்டில் ஒடித்த கிளையும் அன்றைக்கே எழுதிய குறிப்பும்தான். அதனால் இங்கே சேகரிப்புக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். (நமது பாடநூல் வழக்கப்படி சாதி, இனம் என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டு நூல்களில் இவை பேரினம், சிற்றினம்.)

புறப்படுவதற்கு முன்

அனுமதி இல்லாமல் ஓர் இலையையும் பறிக்கக் கூடாது. சிங்கராஜ போன்ற ஒதுக்குக் காடுகளுக்கு வனப் பாதுகாப்புத் திணைக்களத்திடமும், தேசியப் பூங்காக்களுக்கு வனசீவராசிகள் திணைக்களத்திடமும் ஆய்வு அனுமதி எடுக்க வேண்டும். விண்ணப்பத்தில் எந்தச் சாதி அல்லது குடும்பம், எந்தக் காடு, எந்த மாதங்கள், ஓர் இனத்துக்கு எத்தனை பிரதிகள், அவை எங்கே வைப்பிலிடப்படும் என்பவற்றைத் தெளிவாக எழுதுங்கள். மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எழுதிவிடுங்கள். ஏற்றுமதிக்குத் தனி அனுமதி தேவை. ஓர்க்கிட் என்றால், அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையும் குறுக்கே வரும். அனுமதி எண் இல்லாத மாதிரியை நல்ல சஞ்சிகைகள் இன்று ஏற்பதில்லை, அது எவ்வளவு அரிய செடியாக இருந்தாலும்.

“புதிதாக ஏதும் கிடைக்குமா” என்று காடு முழுவதும் தேடுவதில் பயன் குறைவு. ஒரு சாதியைத் தெரிந்தெடுத்து, இலங்கையில் அதற்குப் பதிவான எல்லா இனங்களையும் பிரித்தறியப் பழகுங்கள். எது வழக்கமானது என்று தெரிந்த கண்ணுக்குத்தான் வழக்கத்துக்கு மாறானது படும். தாவரவியலாளர் ட்ரைமனின், 1893 முதல் 1900 வரை வெளிவந்த இலங்கைத் தாவரக் கைநூலிலும், 1980 முதல் பல தொகுதிகளாக வந்த அதன் திருத்தப் பதிப்பிலும் உள்ள இனங்காணும் சாவிகளைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பொதிக்குள் வைக்க வேண்டியவை

கிளை வெட்டும் கத்தரி, நீள்தடியில் பொருத்தும் வெட்டி, 10 மடங்கு கைவில்லை, ஜீபிஎஸ், மி.மீ அளவுகோல், பென்சில் இரண்டு, கெட்டி மட்டைக் கொப்பி. பேனை வேண்டாம், மழையில் மையும் ஸ்பிரிட்டில் எழுத்தும் கரைந்துபோகும். பழைய பத்திரிகைத் தாள் ஒரு கட்டு, தடித்த பொலித்தீன் பை, 70 சதவீத எதனோல், வாய் இறுக மூடும் சிறு போத்தல்கள் இருபது, தேநீர்ப் பைகளும் சிலிக்கா ஜெல்லும். சிலிக்கா ஜெல் செம்மஞ்சள் நிறக் காட்டியுள்ளதாக இருக்கட்டும். நீல நிறத்ததில் கோபால்ற் இருப்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது. அட்டைக்கடிக்கு நீள் காலுறை. ஒரு ரெஜிபோம் பெட்டியும் இருந்தால் போத்தல்கள் பேருந்தில் உடையாமல் வந்து சேரும்.

காட்டுக்குள்

பூவோ காயோ இல்லாத கிளை பெரும்பாலும் பயனற்றது. இரண்டும் ஒரே கிளையில் இருந்தால் பெரும் பேறு. காய்ந்த செடியை ஒட்டும் ஹேர்பேரியத் தாளின் அளவு ஏறத்தாழ 42 × 28 செ.மீ. கிளை அதற்குள் அடங்க வேண்டும். ஆனால் நுனி மட்டும் போதாது, கிளை விடும் விதம் தெரியும் அளவுக்கு எடுங்கள். சிறு செடியென்றால் வேர், கிழங்கு உட்பட முழுச் செடியும் வேண்டும். அங்கே இருபது செடி இருந்தால் ஒன்றுக்கு மேல் பிடுங்காதீர்கள். மூன்றே செடி நின்றால் ஒரு பூங்கிளையும் படங்களும் போதும். ஓர் இனத்தை அறிவிக்கப் போய் அதையே அழித்துவிடக் கூடாது.

ஒரே செடியிலிருந்து, ஒரே நேரத்தில் எடுத்தவற்றுக்கெல்லாம் ஒரே சேகரிப்பு எண். அடுத்த செடிக்கு அடுத்த எண். அதே மரத்துக்கு அடுத்த மாதம் திரும்பிப் போனாலும் புதிய எண்தான். இந்த ஒழுங்கு ஏன் உயிர்நாடி என்பது பின்னால், டைப் மாதிரி (ஓர் இனத்தின் பெயரைத் தாங்கி நிற்கும் மாதிரி) பற்றிச் சொல்லும்போது விளங்கும். மூன்று முதல் ஐந்து பிரதிகள் எடுக்கலாம். உயர்ந்த மரத்தின் அடியில் உதிர்ந்து கிடக்கும் பூவைப் பொறுக்கி, எட்டிய கிளையோடு சேர்த்து வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். மழைக்காட்டின் மேல்விதானத்தில் நான்கைந்து மரங்களும் கொடிகளும் பின்னிக் கிடக்கும். அந்தப் பூ யாருடையது என்று உறுதியில்லை. பொறுக்கியதைத் தனி உறையில் போட்டு, “நிலத்தில் எடுத்தது” என்று எழுதி வையுங்கள்.

காய்ந்தபின் மறைந்துபோகும் எல்லாவற்றையும் செடியின் அருகில் நின்றே எழுதுங்கள்: உயரம், அடிமரச் சுற்றளவு, பட்டையை வெட்டினால் வரும் நிறமும் பாலும் மணமும், பூவின் ஒவ்வொரு பாகத்தின் நிறம், பூ நிமிர்ந்ததா தொங்கியதா, பழுத்த காயின் நிறம், சுற்றி நிற்கும் மரங்கள், மண்ணா பாறையா ஓடைக்கரையா, அங்கே எத்தனை செடி நின்றன. “மழைக்காடு, சிங்கராஜ” என்று மட்டும் எழுதிய லேபலால் யாருக்கும் பயனில்லை. காயா மரத்தின் சாதியான மெமிசைலோனுக்கு ஒரு மாதிரி லேபல் இப்படி இருக்க வேண்டும்:

“மெமிசைலோன். இலங்கை, சப்பிரகமுவா மாகாணம், இரத்தினபுரி மாவட்டம், சிங்கராஜ வனம், குடாவ நுழைவாயிலிலிருந்து ஆய்வு நிலையத்துக்குப் போகும் பாதை, ஓடையின் இடக்கரை. 450 மீ. அகலாங்கு, நெட்டாங்கு தசமத்தில், டபிள்யூஜீஎஸ் 84. சிறுமரம் 3 மீ, இளங்கிளை நாற்கோணம், புல்லிக்கிண்ணம் இளஞ்சிவப்பு, அல்லி கடும் நீலம், மகரந்தக்கூடு நீலம், தம்பம் வெண்மை. நிழலில் ஆறு மரங்கள், இரண்டு பூத்தவை. சேகரித்தவர் பெயர், எண் 214, திகதி. அனுமதி எண்.”

படம் எடுக்கும்போது முழுச் செடி, இலையின் மேற்புறம், கீழ்ப்புறம், இலைக்காம்பின் அடி, பூந்துணர், பூவின் முன்பக்கம், பக்கவாட்டு, நெடுக்காகப் பிளந்த பூ, காய் ஆகியவற்றை அளவுகோலோடு எடுங்கள். முதல் படத்தில் சேகரிப்பு எண் எழுதிய தாள் இருந்தால், பிறகு ஐந்நூறு படங்களுக்குள் தேடித் திண்டாட வேண்டியதில்லை.

அன்று மாலை செய்ய வேண்டியது

ஒழுங்கு முக்கியம். முதலில் மரபணுவுக்கான இலை. புழு அரிக்காத இளம் இலையைத் துடைத்து, விரல்நகம் அளவுத் துண்டுகளாக்கித் தேநீர்ப் பைக்குள் இட்டு, இலையின் எடைக்குப் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லுக்குள் புதையுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் நொறுங்கும் பதத்துக்குக் காய வேண்டும். காயவில்லையென்றால் ஜெல்லை மாற்றுங்கள். எதனோல் ஊற்றிய பிறகு எடுத்த இலையின் மரபணு சிதைந்திருக்கும். இந்த ஒழுங்கை மாற்றிச் செய்து ஒரு பயணத்தின் பயனையே இழந்தவர்கள் பலர்.

இரண்டாவது, ஐந்தாறு பூவும் மொட்டும் காயும் எதனோல் போத்தலுக்குள். பென்சிலால் எண் எழுதிய கடுதாசித் துண்டைப் போத்தலுக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டியது கழன்றுபோகும்.

மூன்றாவதே கிளைகள். பத்திரிகைத் தாளுக்குள் விரித்து, ஓர் இலையையாவது கீழ்ப்புறம் தெரியப் புரட்டி வைத்து, தாளின் ஓரத்தில் எண் எழுதுங்கள். யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ஒரு முழு நாள் பிடிக்கும். ஈரக் கிளைகளை அப்படியே பையில் அடைத்துக்கொண்டு வந்தால் வவுனியா தாண்டும்போதே இலை உதிரத் தொடங்கிவிடும். ஆகவே தாள் கட்டைப் பொலித்தீனில் வைத்து, எதனோல் ஊற்றி ஊறவிட்டு, மிகுதியை வடித்து, காற்றுப் புகாமல் கட்டுங்கள். இப்படி இரண்டு மூன்று கிழமை வரை கெடாது. நிறம் முழுவதும் பழுப்பாகிவிடும் என்பதே இதன் குறை. அதற்காகத்தான் நிறத்தை அங்கேயே எழுதச் சொன்னோம். எதனோல் தீப்பற்றும், அடுப்பங்கரையில் வைக்காதீர்கள்.

உலர்த்தல்

சட்டத்துக்குள் தாள், மை ஒற்றும் தாள், நெளிவுள்ள காட்போட் மட்டை என்று மாறி மாறி அடுக்கி இறுக்கிக் கட்டுங்கள். மட்டையின் நெளிவுத் துளைகள் எல்லாம் ஒரே திசையில், காற்றுப் போகும் பக்கமாக இருக்கட்டும். சோளக காலத்தில் நிழலான விறாந்தையில் காற்றோட்டத்தில் வைத்துத் தாளைத் தினமும் மாற்றினாலே காய்ந்துவிடும். மாரியில் அது சரிவராது. அடியில் பல்ப் எரியும் மரப்பெட்டி செய்து 45 முதல் 55 பாகை வெப்பத்தில் வையுங்கள். அதற்கு மேல் போனால் இலை நொறுங்கும். வெயிலில் நேராகப் போட்டால் சுருங்கி வெளிறும். கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது குளிர்ச்சி தட்டினால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

காய்ந்ததைப் பூச்சி முட்டை அழிய, பொலித்தீனில் சுற்றி, மைனஸ் 20 பாகையில் ஒரு கிழமை உறைய வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறந்தால் யாழ்ப்பாணத்து ஈரக்காற்று மாதிரியில் நீராகப் படியும். அறை வெப்பத்துக்கு வரும் வரை பொறுங்கள். பிறகு அமிலமற்ற தாளில் ஒட்டி, வலப்பக்கக் கீழ் மூலையில் லேபல், உதிர்ந்த துண்டுகளுக்கு ஓர் உறை.

மேசையில்: ஒரு காயாம்பூவைத் திறந்து பார்த்தல்

“காயாம்பூ வண்ணன்” என்று திருமாலைப் பாடும்போது சொல்லும் அந்தப் பூ மெமிசைலோன் சாதியைச் சேர்ந்தது. வன்னிக் காட்டிலும் காயா நிற்கிறது, ஈரவலயத்தில் அதன் உறவினர் பலர் நிற்கிறார்கள். உலர்ந்தபின் இலை மஞ்சள்பச்சையாக மாறும். இலையில் சேரும் அலுமினியமே காரணம். அந்த நிறத்தை வைத்தே தாள் கட்டுக்குள் இச்சாதியைப் பொறுக்கி எடுத்துவிடலாம். ஆனால் பூ சில மி.மீ மட்டுமே, நீலமும் போய்விடும்.

ஓர் உலர் மொட்டை, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்ட தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் கொதிக்க விடுங்கள். மென்மையானதும் கண்ணாடித் தட்டில் வைத்து, வெட்டு நுணுக்குக்காட்டியின் கீழ் சவரத் தகட்டால் நெடுக்காகப் பிளக்கவும். நான்கு புல்லி, நான்கு அல்லி, எட்டுக் கேசரம். மகரந்தக்கூட்டின் முதுகில் இணைப்பிழையம் (கூட்டின் இரு பாதிகளையும் இணைக்கும் இழையம்) தடித்துக் கோடரி அலகுபோல நீண்டிருக்கும், அதன் மேல் ஒரு சிறு குழிந்த சுரப்பி. சுரப்பி இருக்கிறதா, எவ்வளவு பெரிது, இணைப்பிழையத்தின் நுனி கூரா மழுங்கலா என்பவை இனத்துக்கு இனம் வேறுபடலாம். சூலகத்தைக் குறுக்காக வெட்டினால் ஓரறை. நடுவில் தூண்போல நிற்கும் சூல்வித்தகம். வெட்டிய பாகங்களை எறியாமல் உறைக்குள் இட்டு அதே தாளில் ஒட்டுங்கள்.

அளவுகளைக் குறைந்தது ஐந்து செடிகளிலாவது, செடிக்குப் பத்து இலையிலாவது எடுங்கள். உலர்ந்த பூ, எதனோலில் இருந்த பூ, கொதிக்க வைத்த பூ மூன்றும் ஒரே அளவாக இருக்காது. எதில் அளந்தது என்று எழுதாமல் கலந்துவிட்டால், இல்லாத வேறுபாடு ஒன்று அட்டவணையில் முளைத்துவிடும்.

உண்மையில் புதியதா?

பெரும்பாலான புதிய இனக் கனவுகள் இந்தப் படியில்தான் கலைகின்றன. கலைவதே நல்லது, தவறான பெயர் ஒன்றை எழுத்திலிருந்து அகற்றப் பல பத்தாண்டுகள் பிடிக்கும். நிழலில் வளர்ந்த அகன்ற இலை, வெட்டிய அடிமரத்தில் துளிர்த்த இராட்சத இலை, இரண்டு இனங்களுக்கிடையே பிறந்த கலப்பு, தோட்டத்திலிருந்து காட்டுக்குத் தப்பிய வெளிநாட்டுச் செடி என ஒவ்வொன்றும் புதியதுபோல் மயக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இனங்களையும் கட்டாயம் ஒப்பிடுங்கள். இலங்கைக்குப் புதிது என்பதும் அறிவியலுக்குப் புதிது என்பதும் வேறு.

இதைவிடப் பெரிய பொறி பழைய பெயர்களில் இருக்கிறது. யாரோ 19ஆம் நூற்றாண்டில் பெயரிட்டு, பிறகு வேறொருவர் இன்னோர் இனத்தோடு சேர்த்துவிட்ட பெயர் உங்கள் செடியுடையதாக இருக்கலாம். அப்படியானால் புதுப்பெயர் தேவையில்லை, பழையதை மீட்பதே சரி. ஆகவே சாதியின் எல்லா இணைப்பெயர்களையும் (ஒரே இனத்துக்கு இடப்பட்ட வேறு பெயர்கள்) ஐப்பிஎன்ஐ என்ற தாவரப் பெயர்ச் சுட்டியிலும் லண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் இணையத் தளங்களிலும் எடுத்து, ஒவ்வொன்றின் டைப் மாதிரியையும் பாருங்கள். இலங்கைச் செடிகளின் பழைய டைப்புகள் பேராதனையில் மட்டும் இல்லை. ஒல்லாந்தர் கம்பனியின் மருத்துவர் போல் ஹேர்மன் 17ஆம் நூற்றாண்டில் திரட்டியவை லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையில் இருக்கின்றன. லின்னேயஸ் இலங்கைத் தாவரங்களை எழுதியது அவற்றைக் கொண்டுதான். 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தோட்டத்தின் தலைவராக இருந்த த்வெயிட்ஸ் அனுப்பியவை கியூவிலும் வேறு இடங்களிலும் உள்ளன. த்வெயிட்ஸின் சீ.பி. (சிலோன் பிளான்ட்ஸ்) எண்களில் கவனம் வேண்டும். அவை இனத்துக்கு இட்ட எண்கள். வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு வருடங்களில் எடுத்தவை ஒரே சீ.பி. எண்ணில் கலந்து கிடக்கும். பேராதனைத் தாளும் கியூ தாளும் ஒரே செடி என்று நம்பிவிடாதீர்கள்.

மரபணு ஒப்பீடு துணைசெய்யும். சர்வதேசத் தாவரப் பெயரிடல் விதிகள் அதைக் கட்டாயமாக்கவில்லை. பணமில்லை என்பதற்காக நல்ல வேலையை நிறுத்த வேண்டாம். சிலிக்கா ஜெல்லில் இலை பத்திரமாக இருந்தால் பின்னரும் செய்யலாம்.

எழுதுவது

முதலில் வேறுபாட்டுக் குறிப்பு. “இலை பெரியது, பூ அழகிய நீலம்” என்றால் ஒன்றும் சொன்னதாகாது. மிக நெருங்கிய இனத்தின் பெயரைச் சொல்லி, பண்புக்கு எதிர்ப் பண்பை வையுங்கள்: “இன்ன இனத்தை ஒத்தது, ஆனால் இளங்கிளை நாற்கோணம் (அதில் உருளை), இலைக்காம்பு 1–2 மி.மீ (அதில் 4–6 மி.மீ), மகரந்தக்கூட்டில் சுரப்பி இல்லை (அதில் உண்டு).” மூன்று நான்கு உறுதியான வேறுபாடு போதும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவையாக இருந்தால் இன்னும் வலு.

பிறகு முழு விபரிப்பு, கீழிருந்து மேலாகவும் வெளியிலிருந்து உள்ளாகவும்: வளரியல்பு, பட்டை, கிளை, இலைக்காம்பு, இலைப்பரப்பு, நரம்பு, பூந்துணர், பூவடியிலை, புல்லி, அல்லி, கேசரம், சூலகம், தம்பம், குறி, காய், வித்து. அளவுகளை (6–)8–11(–13) செ.மீ என்ற வடிவில் கொடுங்கள். அடைப்புக்குள் உள்ளவை அரிதான எல்லைகள். 1935 முதல் 2011 வரை இது இலத்தீனில்தான் இருக்க வேண்டும் என்று விதி. 2012 ஜனவரி 1 முதல் இலத்தீன் அல்லது ஆங்கிலம். விதி கேட்பது விபரிப்பு அல்லது வேறுபாட்டுக் குறிப்பு அந்த இரண்டு மொழிகளில் ஒன்றில் இருப்பதையே. மீதிக் கட்டுரை தமிழில் இருந்தாலும் பெயர் செல்லும். அப்படி ஒரு கட்டுரை வர வேண்டும் என்பது எங்கள் ஆசை.

ஹோலோடைப் என்பது பெயரைத் தாங்கும் ஒரே மாதிரி. அதே சேகரிப்பின் பிரதிகள் ஐசோடைப். மார்ச்சில் எடுத்த பூவையும் ஓகஸ்டில் எடுத்த காயையும், மரம் ஒன்றுதானே என்று சேர்த்து ஹோலோடைப் ஆக்கினால் பெயரே செல்லுபடியாகாது. அவை இரண்டு சேகரிப்புகள். காய்த் தாளைப் பாரடைப் (கட்டுரையில் சேர்த்துக் காட்டும் துணை மாதிரி) ஆகக் குறிப்பிடுங்கள். 1990 முதல் “ஹோலோடைப்” அல்லது “டைப்” என்ற சொல்லும், அது வைக்கப்பட்ட ஹேர்பேரியத்தின் பெயரும் கட்டாயம். பேராதனைக்கு உரிய குறியீடு பீடிஏ.

பெயர்

வேலியில் நிற்கும் பூவரசைப் பாருங்கள்: தெஸ்பீசியா பொப்புல்னியா (லி.) சோல். எக்ஸ் கொரேயா. லின்னேயஸ் 1753இல் அதைச் செம்பரத்தையின் சாதியில் வைத்தார், அதனால் அவர் அடைப்புக்குள். சொலாண்டர் முன்மொழிந்ததைக் கொரேயா 1807இல் வெளியிட்டார், அதனால் “எக்ஸ்”. ஒரு பெயரின் வாலில் முழு வரலாறும் இருக்கிறது.

நீங்கள் இடும் இனப்பெயர் சாதியின் பாலுக்கு இசைய வேண்டும். மெமிசைலோன் அஃறிணைப் பால், ஆகவே செய்லானிகம் (இலங்கைக்குரியது). குறிஞ்சியின் சாதியான ஸ்ட்ரோபிலாந்தெஸ் பெண்பால், ஆகவே செய்லானிகா. இடப்பெயருக்கு முன்னதில் “-என்ஸே”, பின்னதில் “-என்ஸிஸ்”. ஆளின் பெயரிட்டால் ஆணுக்கும் பெண்ணுக்கும் விகுதி வேறு. தன் பெயரைத் தானே சூட்டுவது மரபில்லை. அதே சாதியில் அந்தப் பெயர் உலகில் எங்காவது முன்பு வந்திருந்தால், இன்று யாரும் பயன்படுத்தாவிட்டாலும், மறுபடி இட முடியாது. ஐப்பிஎன்ஐயில் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

பாதுகாப்பு நிலை, வெளியீடு

ஒரே இடத்தில் கண்டதும் “அழிவின் விளிம்பில்” என்று எழுதிவிடும் வழக்கம் உண்டு. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயூசீஎன்னின் முறைப்படி, செடி நிற்கும் 2 கி.மீ சதுரக் கட்டங்களை எண்ண வேண்டும். இரண்டு கட்டம் என்றால் 8 சதுர கி.மீ, அந்த நிலைக்கான 10 சதுர கி.மீ எல்லைக்குள் வரும். ஆனால் அதோடு இட எண்ணிக்கை, தொடரும் வீழ்ச்சி, கடும் ஏற்றத்தாழ்வு ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு காட்டப்பட வேண்டும். தேடியது போதாதென்றால் “தரவு போதாது” என்பதே நேர்மையான பதில். ஓர்க்கிட் போலத் திருட்டுக்கு ஆளாகும் செடியென்றால் துல்லிய ஆள்கூற்றை அச்சிடாமல் ஹேர்பேரியத்தில் மட்டும் வையுங்கள்.

வெளியீடு அச்சில் இருக்கலாம், அல்லது ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் உள்ள இணையப் பீடிஎஃப் ஆக இருக்கலாம். முகநூல் பதிவில் வந்த பெயருக்கு விதியில் இடமில்லை. மாநாட்டுச் சுருக்கத்திலும் ஆய்வேட்டிலும் புதுப்பெயரை எழுதாமல் “மெமிசைலோன் இனம் அ” என்று விடுங்கள். அரைகுறையாக வெளிவந்த பெயர் பின்னால் பெரும் குழப்பம் தரும். அச்சுப் பிரதி திருத்தும்போது “புதிய இனம்” என்ற குறிப்பு, ஹோலோடைப் வரி, ஹேர்பேரியக் குறியீடு, சேகரிப்பு எண் ஆகிய நான்கையும் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். 214 என்பது 241 ஆக மாறியிருப்பதை இந்தக் கட்டத்தில் கண்டால் ஒரு நிமிட வேலை.

வெளியானதும் தாளில் டைப் லேபல் ஒட்டுங்கள், ஐசோடைப்புகளைப் பிற ஹேர்பேரியங்களுக்குப் பிரித்து அனுப்புங்கள், அனுமதி தந்த திணைக்களத்துக்கும் காட்டு அலுவலகத்துக்கும் கட்டுரையின் பிரதி ஒன்று கொடுங்கள். காய் கிடைக்காமலே வெளியிட்டிருந்தால், பூத்த மாதத்திலிருந்து எண்ணிப் பார்த்து அந்த மரத்துக்குத் திரும்பிப் போங்கள், அனுமதி இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. காய்க்கிளைக்குப் புதிய எண் இடுங்கள்.